அம்மாவின் நீலக்கல்லில் முடி மாதிரி கோடு, மாற்றிவிடலாமா?

கேள்வி: அம்மா முப்பது வருடம் போட்டிருந்த நீலக்கல் மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது. கல்லுக்குள் முடி மாதிரி வெள்ளைக் கோடுகள். ஜோசியர் அனுப்பிய கடையில், "கோடு விழுந்தால் தோஷம், இதைக் கொடுத்துவிட்டு மேலே 60,000 போட்டு சுத்தமான கல் எடுங்கள்" என்கிறார்கள். பாலில் போட்டும் காட்டினார்கள், பால் நீலமாகத் தெரிந்தது. மாற்றலாமா? - வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மாற்றாதீர்கள். கல்லைச் சோதிக்கும் லேபில் காட்டும்வரை அந்த மோதிரத்தை அந்தக் கடைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

நீலமும் மாணிக்கமும் ஒரே இனக் கல், குருந்தம். வெள்ளைக்காரன் கொரண்டம் என்பதே நம் குருந்தத்திலிருந்து போன பெயர்தான். அதில் துளி இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீல நிறம் வரும். அந்த டைட்டானியமே சில சமயம் கல்லுக்குள் ஊசி ஊசியாகத் தங்கிவிடும், தொழிலில் இதை சில்க் என்போம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மோதிரத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் மூன்று திசையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பட்டு நூல் மாதிரி மின்னினால் பெரும்பாலும் அதுதான். கடும் சூட்டில் இந்த ஊசிகள் கரைந்துவிடும். இன்று சந்தைக்கு வரும் நீலத்தில் பெரும்பகுதி நிறம் ஏற்ற உலையில் சுட்டதுதான், ஆகவே ஊசி முழுசாக இருக்கிறது என்றால் உங்கள் அம்மாவின் கல் சுடாத கல்லாக இருக்க வாய்ப்புண்டு, சுடாத கல்லுக்கு விலையே வேறு. அதைத்தான் தோஷம் என்று சொல்லிக் கேட்கிறார்கள்.

ரத்தின சாஸ்திரத்தில் கல்லுக்குக் குற்றம் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலைக் கல் இல்லாத காலம். நூறு வருடத்துக்கும் மேலாக குருந்தத்தை உலையில் உருக்கியே செய்கிறார்கள், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும், கடினமும் எடையும் அசலேதான். பெரிய கல், சுத்தமான கல், விலையும் குறைவு என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

பால் சோதனையை விடுங்கள். நீல பாட்டில் துண்டைப் போட்டாலும் பால் நீலமாகத்தான் தெரியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உள்ளே கோடு இருந்தாலே நல்ல கல் என்று நினைத்துவிடக் கூடாது. விரிசல் விழுந்த மட்டமான குருந்தத்தை எடுத்து, கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடியை உருக்கி அந்த விரிசல்களுக்குள் இறக்கி விற்கிறார்கள். கல் இயற்கைதான், அதனால் 'நேச்சுரல்' என்று அட்டையில் அடித்துக் கொடுக்கவும் கூசுவதில்லை. லென்ஸில் பார்த்தால் நீலம் கல் முழுக்கப் பரவாமல் விரிசல் ஓடும் இடத்திலேயே தேங்கி நிற்கும், குட்டிக் குட்டிக் குமிழியும் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துவிடும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் சாறு ஊற்றிப் பார்க்காதீர்கள்! அம்மா அதைப் போட்டுக்கொண்டே முப்பது வருடம் சமைத்து, பாத்திரம் தேய்த்து, கல் இன்னும் பளபளப்பாக இருக்கிறது என்றால் அதுவே பாதி பதில்.

மோதிரத்தில் ஹால்மார்க் இருக்கிறதே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். ஹால்மார்க் மோதிரத்தில் உள்ள தங்கத்துக்கு மட்டும், கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. ஒரு கிராம் தங்கத்துக்கு இத்தனை சட்டம் போட்டவர்கள், லட்ச ரூபாய்க் கல்லை மட்டும் கடைக்காரர் அடித்துத் தரும் லேமினேஷன் அட்டையை நம்பி வாங்கச் சொல்கிறார்கள், எத்தனை வருடம்தான் இதையே எழுதுவது! 'காஷ்மீர் நீலம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தச் சுரங்கத்தின் நல்ல கல்லில் பெரும்பகுதி 1880களிலேயே எடுத்தாகிவிட்டது. நீலம் போடுவதும் போடாததும் உங்கள் நம்பிக்கை. ஆனால் கல்லைச் சொன்னவரே கடையையும் சொன்னால் அதில் கமிஷன் இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கல் விற்காத ஒரு லேபுக்கு நீங்களே நேரில் போங்கள், புரோக்கர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். மோதிரத்தைப் போட்டோ எடுத்து, எடை எழுதி ரசீது வாங்குங்கள். ரிப்போர்ட்டில் இயற்கையா, சுட்டதா, கண்ணாடி அடைத்ததா என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும், எடை ரத்தி என்ற பழைய கணக்கில் இல்லாமல், கல்லை எடை போடும் காரட்டில். அது கைக்கு வரும்வரை மோதிரத்தை விரல் அளவுக்குச் சின்னதாக்கப் பத்தரிடம் கொடுக்காதீர்கள், கல்லோடு சேர்த்துப் பற்றவைத்தால் உள்ளே கண்ணாடி இருந்தால் அங்கேயே போய்விடும்.