வெல்லெஸ்லியில் இறங்குவதற்கு முன்

தம்பி, கனடாவுக்கு வந்து நான்கு மாதம், ஸ்காபரோவில் சித்தி வீட்டுப் பேஸ்மண்டில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோவில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் கூடும் சேர்ச் தெருவைப் போய்ப் பார்க்க ஆசை, யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயம். இந்த நாடு எப்போதும் இப்படித்தான் இருந்ததா, தன்பாலீர்ப்புள்ள தமிழனுக்கு இங்கே இடமுண்டா என்பது உங்கள் கேள்வி.

முதலில் வழியைச் சொல்கிறேன். கென்னடியில் சப்வே ஏறுங்கள். புளோர்-யங்கில் மாறினால் தெற்கே அடுத்த நிலையமே வெல்லெஸ்லி. அங்கிருந்து கிழக்கே சில நிமிட நடை. 1993 பனிக்காலத்தில் இதே வழியில் மூன்று முறை போய், மூன்று முறையும் நிலையத்தை விட்டு வெளியே வராமலே திரும்பினேன். நான்காம் முறை தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ச் சந்தியிலிருந்த காப்பிக்கடைப் படியில் உட்கார்ந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பயந்து போனவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது!

இந்த நாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. எவரெட் கிளிப்பர்ட் என்றொரு மெக்கானிக். சம்மதித்த ஆண்களோடு உறவு வைத்தார் என்பதற்காக 'ஆபத்தான பாலியல் குற்றவாளி' என்று முத்திரை குத்தி, காலவரையின்றிச் சிறையில் வைத்தார்கள். 1967இல் உச்ச நீதிமன்றமும் அது சரியென்றது. அந்தத் தீர்ப்பு கிளப்பிய சலசலப்புக்குப் பிறகு 1969இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆனாலும் கிளிப்பர்ட் வெளியே வந்தது 1971இல்தான்.

தளர்த்திய பிறகும் போலீஸ் விடவில்லை. 1981 பெப்ரவரி 5ஆம் தேதி இரவு, ரொறன்ரோவில் ஆண்கள் கூடும் நான்கு குளியல் விடுதிகளுக்குள் புகுந்து ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தார்கள். மறுநாள் இரவு ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். இன்று ஜூன் மாதத்தில் வங்கிகளெல்லாம் வானவில் கொடி கட்டிக்கொண்டு நிற்கும் பிரைட் ஊர்வலத்தின் வேர் இந்தக் கோபத்தில் இருக்கிறது. பெண்களையும் விட்டுவைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில்கூட, பெண்களுக்கென்றே நடந்த ஓர் இரவு நிகழ்ச்சிக்குள் ஆண் போலீசார் நுழைந்து சோதனை போட்டார்கள். 2003இல் ஒன்ராறியோவிலும் 2005இல் நாடு முழுவதிலும் தன்பாலினத் திருமணம் சட்டபூர்வமானது. நான் வந்து இறங்கியபோது இதெல்லாம் நடக்கும் என்று எவராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தமிழர் கதை வேறு. என் அகதி விசாரணையில் போரைப் பற்றி மட்டுமே சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். என் மாமாவைத் தெரியும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். பிறகு எப்படி வாய் திறப்பது? பாலீர்ப்பின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோரும் அகதிப் பாதுகாப்புக் கோரலாம் என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இலங்கையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. உங்களுக்கு அந்த நிலை வந்தால் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி, வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

தெற்காசியர்களுக்கென்று 1980களிலேயே 'குஷ்' என்ற குழு இங்கே இருந்தது. பின்னால் 'சிநேகிதன்' என்ற பெயரில் தமிழர்களே கூடினார்கள். அப்படியான ஓர் அறையில் முதன்முறை நுழைந்தபோது, பிளாஸ்டிக் தட்டில் ரோல்ஸ் வைத்து "எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்டார். ஊரில் என்னை நடுங்கவைத்த அதே கேள்விக்கு அங்கே சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். 2010 முதல் 2017 வரை சேர்ச் தெருவை வளைய வந்த ஒருவன் எட்டுப் பேரைக் கொன்றான். அவர்களில் இருவர் இலங்கைத் தமிழர். ஒருவர் இலங்கைத் தமிழ் அகதிகளை ஏற்றிவந்த சன் சீ கப்பலில் வந்து, அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவரைக் காணவில்லை என்று போலீசில் முறைப்பாடே இருக்கவில்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்றே குடும்பம் நினைத்திருந்தது.

அதனால், முகமறியாத ஒருவரைச் சந்திக்கப் போகும்போது எங்கே போகிறீர்கள் என்பதை ஒரே ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். சித்தியிடம் சொல்ல வேண்டுமென்று நான் சொல்லவே மாட்டேன். அது உங்கள் நேரம், உங்கள் முடிவு. யாராவது கண்டுவிடுவார்களோ என்கிறீர்களே, அங்கே உங்களைக் கண்ட தமிழர் தானும் அங்கேதானே நின்றிருப்பார்?

நான் உட்கார்ந்த படிகள் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். காப்பி வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே குடியுங்கள்.