பேரனுக்குக் கிரியோலில் எழுதுங்கள், டீச்சர்

கேள்வி: எனக்கு 66 வயது. மொரீஷியஸில் ரோஸ் ஹில் அருகே மகன் வீட்டில் இருக்கிறேன். 33 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்று நான்கு ஆண்டு ஆகிறது. கணவர் போன வருடம் தவறிவிட்டார்; அதன்பின் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் காதில் விழுந்ததில்லை. பேரனுக்கு 11 வயது. பள்ளியில் தமிழ் எடுக்காமல், இங்கே எல்லோரும் பேசுகிற பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியைப் பாடமாக எடுக்கவைத்துவிட்டார்கள். தினமும் மாலையில் நானே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், ஓடிவிடுகிறான். "பரீட்சை நேரம், விட்டுவிடுங்கள் அத்தை" என்கிறாள் மருமகள். இதனால் என்ன பிரயோஜனம் என்று அவனும் கேட்டுவிட்டான். என் அப்பாவின் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் கொண்டுவந்த மொழி என்னோடு முடிகிறதா? பெட்டி நிறையப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கொளுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: முதலில் உங்கள் மருமகள் பக்கம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தொடக்கப் பள்ளியை முடிக்கிற பரீட்சையை வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை, நாள் முழுக்கப் படித்துக் களைத்து வந்த பிறகு இன்னொரு வகுப்பில் உட்காரவைத்தால் ஓடத்தான் செய்வான். உங்கள் வகுப்பில் இருந்த பிள்ளை என்றால் நீங்களே அவன் அம்மாவைக் கூப்பிட்டு "கொஞ்சம் விளையாட விடுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள்.

என் அம்மாவும் ஆசிரியைதான். சாப்பிடும்போது 'பளம்' என்று சொல்லிவிட்டால் போதும், 'பழம்' என்று சரியாக வரும்வரை குழம்பு வராது. பத்து வயதுக்குள் நானும் அண்ணனும் பேசாமலே சாப்பிடப் பழகிவிட்டோம். ழகரம் பிழைத்தது, சாப்பாட்டு நேரத்துப் பேச்சுதான் செத்தது. அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி பேரனைப் பற்றியது அல்ல, கணவரைப் பற்றியது. உங்களோடு தமிழில் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் போய்விட்டார். அந்தக் காலி நாற்காலியில் 11 வயதுப் பிள்ளையை உட்காரவைக்கப் பார்க்கிறீர்கள். அவனால் முடியாது, பாவம். கூட வேலை பார்த்த தமிழ் ஆசிரியைகள் இரண்டு பேராவது இருப்பார்கள் இல்லையா? வாரத்தில் ஒரு மத்தியானம் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டீ போட்டுக்கொண்டு தமிழிலேயே ஊர்வம்பு பேசுங்கள். வம்புக்கு ஈடாக மொழியைக் காப்பாற்றும் மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை.

கிரியோல் உங்கள் தமிழின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. 2012-இல் அது விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் வந்தபோது, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வந்து நின்றது; ஒன்றை எடுத்தால் இன்னொன்று இல்லை. ஆனால் டீச்சர், அந்தக் கிரியோலைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் பேரன் சாப்பிடுகிற காரிப்பூலே நம் கறிவேப்பிலை. கொத்தோமிலி, நம் கொத்தமல்லி. பிப்பங்காய், பீர்க்கங்காய். ப்ரெட் முரும், முருங்கைக்கீரை. ரசோன், ரசம். தெருமுனையில் விற்கிற பூத்து, புட்டு. பாடப் புத்தகத்தைக் கண்டதும் அவன் "அயோ!" என்கிறானே, அது யாருடைய ஐயோ என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் பேசியது முழுக்கக் காணாமல் போகவில்லை. சமையலறை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்குள்ளும் போயிருக்கிறது.

1998-இல் புது ரூபாய் நோட்டில் இந்திக்குக் கீழே தமிழ் இறங்கிவிட்டது என்று எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள் உங்கள் நாட்டில். நீங்கள் அப்போது பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அன்றைக்குக் கோபப்பட்ட எத்தனை வீடுகளில் சோறு கேட்டது தமிழில்? சட்டைப் பையில் இருக்கிற தமிழுக்குச் சண்டை போடுவது சுலபம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: எழுதுங்கள், கிரியோலில் எழுதுங்கள். உங்கள் அப்பாவின் தாத்தா எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார், உங்கள் பாட்டி தைப்பூசத்துக்கு ஏழு கறி எப்படிச் சமைத்தாள், முதல் நாள் வகுப்புக்குப் போனபோது உங்கள் கை எப்படி நடுங்கியது, எல்லாம். பேரன் படிக்கிற மொழியில் இருக்கட்டும். ஆட்களின் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் தமிழ் எழுத்தில் போடுங்கள். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனதும், வீட்டுப் பெரியவரின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதும் அன்றைக்குப் பெயர் பதிந்த குமாஸ்தாவின் பேனாவால் அல்லவா? அதைத் திருத்துவதற்கு உங்கள் சிவப்பு மையைப் பயன்படுத்துங்கள், பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துவதற்கு வேண்டாம்.

பெட்டியை மட்டும் கொளுத்தாதீர்கள். தைப்பூச விரத நாட்களில் மாலையில் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள், பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டைப் பார்த்து உருகி உருகிப் பாடுவார்கள். அர்த்தம் கேட்டால் சிரிப்பார்கள். காவடி எடுக்கிறவருக்குத் தான் பாடுவது என்னவென்று தெரிய ஆசை இருக்காதா? உங்கள் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, தானாக வந்து உட்காருவார்கள். ஒரு பாட்டு, ஒரு மாலை, அவ்வளவுதான் பாடம். உங்கள் 33 வருடக் குறிப்புகளில் பாதி அதற்கு உதவும். மீதிப் பாதி, நேர்மையாகச் சொன்னால், பரீட்சைக்கான கேள்வி பதிலாக இருக்கும், அதைப் பழைய பேப்பருக்குப் போடலாம்.

பேரனோடு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் பரீட்சை முடியட்டும். லீவில் மோக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பஸ் இலவசம்தானே. மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன: எண், வயது, உயரம், அங்க அடையாளம், பெற்றோர் பெயர், கிராமம். பின்னாளில் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. உங்கள் அப்பா, தாத்தா என்று பிறப்பு, திருமணச் சான்றுகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் போனால் ஒரே பெயரில் இருபது ராமசாமிகள் நிற்பார்கள்.

பதிவு கிடைத்தால், ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலில் கிடக்கும். அது எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால் நாலைந்து விதமாக உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், L போட்டிருப்பது 'ல'வா, 'ள'வா, 'ழ'வா என்று. அப்போது அவனே உங்களிடம் கேட்பான். கண்டுபிடித்தால் ஊர்ப் பெயரை எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.