நிதித்துறை மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வரும் தம்பிக்கு

தம்பி, பி.காம் முடித்துவிட்டு கோவையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கையில் இரண்டு எம்எஸ்சி ஃபைனான்ஸ் ஆஃபர். ஒன்று, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் லண்டன் கிளை, ஸ்காலர்ஷிப்பும் தருகிறார்கள். மற்றது வடக்கே ஒரு பழைய பல்கலைக்கழகம், கட்டணம் கூடுதல். எதற்கு நல்ல பேர், ரூம் வாடகை எவ்வளவு, பார்ட் டைம் கிடைக்குமா, குளிருக்கு என்ன எடுத்து வர என்று கேட்கிறீர்கள். நான் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் வந்து ஒரு மாதத்தில் தானாகத் தெரிந்துவிடும். குளிர்கால கோட்டு மட்டும் ஊரில் வாங்காதீர்கள், இங்கே அது தாங்காது.

நல்ல பேர் என்றால் யாரிடம்? ஊரில் லண்டன் என்றாலே தனி மதிப்பு. கல்யாணப் பத்திரிகையில் எம்எஸ்சி (லண்டன்) என்று போட்டால் அப்பாவுக்குப் பெருமை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் எடுப்பவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை. முதலீட்டு வங்கிகள் விரும்பித் தேடிப்போகும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), இம்பீரியல், லண்டன் பிசினஸ் ஸ்கூல், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்), வார்விக் என்று ஒரு சின்னக் கூட்டம். எல்எஸ்இயில் ஃபைனான்ஸ் கட்டணம் மட்டும் 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அங்கே இடம் கிடைத்து, கடனையும் தாங்க முடிந்தால் தாராளமாகப் போங்கள். கிடைக்காவிட்டால், தரவரிசையில் 40ஆம் இடத்துக்கும் 60ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்காரத் தொடங்கி வருஷக்கணக்காகிறது. அந்த அறையில் யாரும் ரேங்க் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையின் தரவரிசைப் பட்டியலையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் பழைய மாணவர்கள் மூன்று வருஷம் கழித்து வாங்கும் சம்பளத்துக்குப் பெரிய எடை உண்டு. அந்தச் சம்பளத்தையும் ஒவ்வொரு நாட்டின் விலைவாசிக்கு ஏற்பச் சரிக்கட்டித்தான் டாலராகக் காட்டுவார்கள். அவர்களுடைய மேனேஜ்மென்ட் பட்டியலில் நம் ஐஐஎம் அகமதாபாத் லட்சம் டாலருக்கு மேல் நிற்பதற்கு இதுதான் காரணம். உங்கள் கடன் தவணை அப்படிச் சரிக்கட்டிய டாலரில் போகாது, அன்றைய பவுண்டு விலையில்தான் போகும். அப்புறம் அந்த 'மூன்று அங்கீகாரம்' என்ற முத்திரை. அந்த மூன்றில் ஏஏசிஎஸ்பி, எக்விஸ் இரண்டும் பிசினஸ் ஸ்கூலை மொத்தமாகப் பார்த்துத் தருவது. ஆம்பா முக்கியமாக எம்பிஏவுக்கு. உங்கள் ஃபைனான்ஸ் வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அது சொல்லாது.

'95 சதவீதம் பேருக்கு வேலை' என்று போட்டிருந்தால், எந்த வேலை என்று கேளுங்கள். இங்கே படிப்பு முடிந்து சுமார் 15 மாதம் கழித்து நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதில் வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கினாலும் வேலைதான். படிப்புக்கேற்ற வேலையில் எத்தனை பேர், அதில் விசா தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டால் பல கல்லூரிகள் பேச்சை மாற்றும்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குத் தாங்க முடியாத கோபம் உண்டு. ஃபீஸ் எதுவும் இல்லை, இலவச ஆலோசனை என்பார்கள். ஒவ்வொரு தலைக்கும் கல்லூரியிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் போகிறது. அவர்கள் காட்டும் பட்டியலில் இல்லாத கல்லூரி உங்கள் கண்ணிலேயே படாது. அதைவிட மோசம், இங்கே வந்து சேர்ந்த சில சீனியர் அண்ணன்கள். தங்களுக்கே வேலை அமையாத நிலையில், ஜூனியர்களைச் சேர்த்துவிட்டு 'ரெஃபரல்' பணம் வாங்குகிறார்கள். டவர் பிரிட்ஜில் நின்று போட்டோ போடுகிறவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

நீங்களாகவே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. லிங்க்ட்இனில் அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போங்கள். எம்எஸ்சி ஃபைனான்ஸ், மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவர்கள், இந்தியாவில் பட்டம் வாங்கியவர்கள் என்று சலித்தெடுங்கள். அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படிப்பின் பேர். பத்துப் பேருக்கு மெசேஜ் போட்டால் இரண்டு பேராவது பதில் எழுதுவார்கள். விசா ஸ்பான்சர் செய்ய உரிமம் உள்ள கம்பெனிகளின் முழுப் பட்டியலையும் பிரிட்டிஷ் உள்துறை வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காலக்கணக்கையும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இங்கே மாஸ்டர்ஸ் ஒரே வருஷம். நீங்கள் செப்டம்பர் கடைசியில் இறங்கி வீடு தேடி, பேங்க் அக்கவுன்ட் திறப்பதற்குள் பெரிய வங்கிகளின் கிராஜுவேட் வேலைகளுக்கு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் திறப்பார்கள், பல இடங்களில் நிரம்ப நிரம்ப மூடிவிடுவார்கள். ஆகவே சிவி, ஆன்லைன் தேர்வுப் பயிற்சி எல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய விசா 2 வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு கம்பெனி ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையிலிருந்து வருஷத்துக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. ஸ்காலர்ஷிப்பில் மிச்சமாகும் இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் வந்தது 2008 செப்டம்பர். 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. லண்டனின் வங்கிப் பகுதியான கேனரி வார்ஃபில் ஆட்கள் அட்டைப் பெட்டியோடு வெளியே வரும் படத்தை ரயிலில் கிடந்த இலவசப் பேப்பரில் பார்த்தேன். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே அறை, சுவரில் ஈரம், ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை. ஆறே மாதத்தில் இங்குள்ள மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறக்கியது. வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசினோம்.

எனக்கு வழி காட்டியது பல்கலைக்கழகத்தின் கரியர் ஆபீஸில் இருந்த ஒரு ஸ்காட்லாந்து அம்மா. என் மூன்று பக்க ரெஸ்யூமேயை மேஜையில் விரித்து, சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போனார். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழி, எல்லாம் போனது. மிஞ்சியது அரைப் பக்கம். "இப்போது இதை நிரப்பு" என்றார். கல்லூரியில் செய்த ஒரு ப்ராஜெக்டை, கூட்டுறவு வங்கியின் வாராக் கடன் கணக்கை, நான்கு வரியில் எழுத வைத்தார். அந்த நான்கு வரியைப் பற்றித்தான் வடக்கே லீட்ஸ் நகரில் என்னை இன்டர்வியூ எடுத்தவர் முழு நேரமும் கேட்டார். கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்தைக் கணிக்கும் கடன் இடர் பிரிவில் வேலை கிடைத்தது.

அறையில் இருந்த நண்பர்கள் லீட்ஸா என்று முகம் சுளித்தார்கள். கோயில், தோசை, நம்ம ஆள் எல்லாம் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது என்றார்கள். 2012 ஏப்ரலில் அன்றைய படிப்புக்குப் பிந்தைய விசா மூடப்பட்டது. ஸ்பான்சர் கிடைக்காத பலர் பெட்டி கட்டினார்கள். நல்ல மூளைக்காரர்கள், இன்றும் எனக்கு வருத்தம். நிதி வேலை லண்டனில் மட்டும் இல்லை: எடின்பரோவில் முதலீட்டு நிறுவனங்கள், பர்மிங்ஹாமில் எச்எஸ்பிசி யுகே தலைமையகம், போர்ன்மத்திலும் கிளாஸ்கோவிலும் ஜேபி மார்கன், பெல்ஃபாஸ்டில் சிட்டி வங்கி. வாடகையும் லண்டன் அளவுக்கு இல்லை. நான் யார்க்‌ஷயர் உச்சரிப்பைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் பிடித்தது. இன்று என் குழுவில் வரும் புதியவர்களுக்கு நான்தான் அதை விளக்குகிறேன்.

டெபாசிட் கட்டக் கடைசி நாள் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், கல்லூரிக்கு நேராக மெயில் போட்டு அவகாசம் கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள். அதற்குள் அந்த லிங்க்ட்இன் வேலையை முடியுங்கள். உங்கள் சிவியை எனக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். போட்டோவை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.