கடலில் கலந்த கழிவுநீர்: ஐந்து கேள்விகள்

உப்புத் தண்ணீரில் கழிவுநீர்க் கிருமிகள் தானாகச் செத்துவிடாதா?

உப்பு அவற்றைத் தளர வைக்கும். கொல்வது பெரும்பாலும் வெயில்தான். தெளிந்த நீரில் உச்சி வெயில் பட்டால், மலத்தோடு வரும் ஈ.கோலி பாக்டீரியாவில் பத்தில் ஒன்பது பங்கு சில மணி நேரத்தில் போய்விடும். இருட்டில் அதற்கு நாள்கணக்காகும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும். நீர் கலங்கியிருந்தால் புற ஊதாக் கதிர் ஆழத்துக்கு இறங்காது. அந்தக் கலங்கலைக் கொண்டு வருவதே கழிவுநீர்தான். குடையோடு வரும் விருந்தாளி.

ஒரே இடத்தில் காலை மாதிரி மோசம், மதிய மாதிரி சுத்தம். எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இரவில் சேர்ந்தது காலையில் தெரிகிறது, மதியத்துக்குள் வெயில் குறைத்துவிடுகிறது. அதனால் தினமும் ஒரே நேரத்தில், காலையிலேயே எடுங்கள். கிருமிநீக்கிய பாட்டிலைக் கவிழ்த்தபடி 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டத்தை எதிர்கொள்ளத் திருப்பி நிரப்ப வேண்டும். குலுக்குவதற்கு மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். காலால் மணலைக் கிளறிவிட்டால் எண்ணிக்கை எகிறும். பாட்டிலை வெயிலில் வைத்தால் உள்ளேயே கிருமி செத்து, பொய்யான நல்ல முடிவு வரும். ஐஸ் பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழே வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். ஐஸ் உருகிய நீரில் மூடி மூழ்கக் கூடாது.

ஈ.கோலி குறைவு, என்டெரோகாக்கஸ் அதிகம். ஆய்வகப் பிழையா?

இல்லை. என்டெரோகாக்கஸும் மலத்தோடு வரும் பாக்டீரியாதான், ஆனால் கடல்நீரில் கூடுதல் நாள் தாங்கும். கடலுக்கு அதையே அளவுகோலாக்குவது அதனால்தான். அமெரிக்காவின் 2012 பரிந்துரைப்படி, பல மாதிரிகளின் பெருக்கல் சராசரி (ஜியோமெட்ரிக் மீன்) 100 மி.லி.க்கு 35-ஐத் தாண்டக் கூடாது. எண்ணும்போது ஒரே அளவை மட்டும் வடிகட்டாதீர்கள். 100, 10, 1 மி.லி. என மூன்றாக வடிகட்டி, வடிதாளை 41 டிகிரியில் 24 மணி நேரம் எம்.இ.ஐ. அகாரில் (என்டெரோகாக்கஸை வளர்க்கும் ஊடகம்) வையுங்கள். நீல வளையமுள்ள காலனிகள் (கிருமி பெருகி உண்டாகும் புள்ளிகள்) 20 முதல் 60 வரை இருக்கும் தட்டையே கணக்கில் எடுங்கள். 10 மி.லி. தட்டில் 42 காலனி என்றால் 100 மி.லி.க்கு 420.

கழிவுநீர்க் குழாயை அடைத்து இரண்டு வாரமாகியும் எண்ணிக்கை இறங்கவில்லையே?

அடிமண்ணைச் சந்தேகியுங்கள். அங்கே வெயில் இல்லை, உணவு உண்டு, கிருமி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அலை பெரிதானால் மீண்டும் மேலே வரும். அமைதியான நாளிலும் அலையடிக்கும் நாளிலும் எடுத்து ஒப்பிட்டால் புரிந்துவிடும். பறவை எச்சமா, மனிதக் கழிவா என்று பிரிக்க பி.சி.ஆர். முறையில் எச்.எஃப்.183 என்ற, மனிதக் குடல் பாக்டீரியாவின் மரபணுக் குறியீட்டைத் தேடச் சொல்லுங்கள்.

காலனியே வரவில்லை என்றால் சிப்பியைச் சாப்பிடலாமா?

அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில பாக்டீரியா உயிரோடிருந்தும் தட்டில் வளராது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸோ சிப்பிக்குள் சேர்ந்துவிடும். சுத்த நீரில் ஓரிரு நாள் விட்டாலும் முழுதாக வெளியேறாது.