620 மசோதா, ஒரே ஒரு சட்டம்: ரான் பால் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் ரான் பால் தன் பெயரில் கொண்டுவந்த 620 மசோதா, தீர்மானங்களில் ஒன்றே ஒன்றுதான் சட்டமானது என்று போன வாரம் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில். அவருடைய அரசியலில் பாதி எனக்கு ஒத்துவராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் யார் இவர்?

டெக்சஸ்காரர், பிரசவம் பார்க்கும் டாக்டர். 4,000 குழந்தைகளுக்கு மேல் அவர் கையில் பிறந்திருக்கின்றன. 1971-இல் ஜனாதிபதி நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்ததுதான் தன்னை அரசியலுக்கு இழுத்தது என்று சொல்வார். 1976-இல் ஒரு இடைத்தேர்தலில் ஜெயித்துச் சில மாதங்கள், பிறகு 1979 முதல் 1985 வரை, அப்புறம் 1997 முதல் 2013 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர், அதில் பிரதிநிதிகள் சபை கீழவை, செனட் மேலவை. மூன்று முறை ஜனாதிபதி பதவிக்கும் முயன்றார். அரசியல் சாசனத்தில் வெளிப்படையாக எழுதியிராத எதற்கும் ஓட்டுப் போட மாட்டேன் என்று எல்லாவற்றையும் எதிர்த்ததால் 'டாக்டர் நோ' என்று பட்டப்பெயர்.

கேள்வி: 620-இல் ஒன்று என்றால் வேலையே செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

அவசரப்படாதீர்கள். அந்தக் கணக்கு 2011 கடைசியில் எடுத்தது, அதில் சபையில் ஓட்டெடுப்பு வரைக்கும் வந்ததே நாலுதான். ஆனால் அங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு காங்கிரஸ் என்று கணக்கு, ஒவ்வொன்றிலும் இரு அவைகளிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதா வருகிறது, சட்டமாவது நூற்றுக்கு மிகச் சில. மசோதாவை எந்த உறுப்பினர் வேண்டுமானாலும் போடலாம், அது உடனே ஒரு கமிட்டிக்குப் போகும், கமிட்டித் தலைவர் எடுக்கவில்லை என்றால் அங்கேயே கிடக்கும், இரண்டு வருடம் முடிந்ததும் தானாகச் செத்துவிடும். மறுபடி வேண்டுமென்றால் புது எண்ணில் மறுபடி போட வேண்டும். ரான் பால் அதைத்தான் சலிக்காமல் செய்தார். ஐ.நா.விலிருந்து விலகு, பெடரல் ரிசர்வை (அவர்களுடைய மத்திய வங்கி) மூடு, வருமான வரியை ஒழி என்று அதே சரக்கு காங்கிரசுக்குக் காங்கிரஸ் வரும். அதனால் 620 என்பது 620 தனித்தனி யோசனை இல்லை.

இருந்தாலும் அவர் எண்ணிக்கை மோசம்தான், மறுக்கவில்லை. மற்றவர்கள் பேரம் பேசி, நாலு வரியை விட்டுக்கொடுத்து, பெரிய மசோதாவில் தங்கள் பங்கைச் செருகுவார்கள். இவர் பெரும்பாலும் இறங்கி வரவே மாட்டார்.

கேள்வி: சரி, அந்த ஒரே சட்டம் என்ன? சஸ்பென்ஸ் வைக்காதீர்கள்.

சிரிக்கக் கூடாது. கால்வெஸ்டன் என்ற கடலோர ஊரில் 1861-இல் கட்டிய பழைய சுங்கக் கட்டடம் ஒன்று மத்திய அரசின் சொத்தாக இருந்தது. அதை உள்ளூர் வரலாற்று அறக்கட்டளைக்குக் கைமாற்ற அனுமதி கொடுக்கும் சட்டம், 2009. மத்திய அரசின் சொத்தைக் கைமாற்றக் காங்கிரஸ் அனுமதி வேண்டுமே, அதற்காக. அரசாங்கத்தைச் சுருக்குவேன் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர், கடைசியில் ஒரு கட்டட அளவுக்குச் சுருக்கிவிட்டார்.

கேள்வி: இது நம் ஊர் தனிநபர் மசோதா மாதிரியா சார்?

மேலோட்டமாக அப்படித் தெரியும், ஆனால் இல்லை. இந்தியாவில் அமைச்சர் கொண்டுவந்தால் அரசு மசோதா, மற்ற உறுப்பினர் கொண்டுவந்தால் தனிநபர் மசோதா. இதுவரை 14 தனிநபர் மசோதாதான் சட்டமாகியிருக்கிறது, கடைசியாக 1970-இல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே அதனால்தான் பெரிய செய்தியானது. அமெரிக்காவில் அமைச்சர்கள் சபை உறுப்பினர்களே கிடையாது. ஜனாதிபதிக்கே ஒரு மசோதா வேண்டுமென்றாலும் ஏதாவது ஒரு உறுப்பினர் தன் பெயரில்தான் அதைப் போட வேண்டும்.

கேள்வி: பெடரல் ரிசர்வ் தணிக்கை மசோதா என்ன ஆனது? அதுதானே அவருடைய பெரிய விஷயம்?

ஆமாம், இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெடரல் ரிசர்வ் அவர்களுடைய ரிசர்வ் வங்கி மாதிரி. அதன் கணக்குவழக்கைத் தணிக்கை செய்ய ஏற்கெனவே வழி உண்டு, ஆனால் வட்டி விகிதம் மாதிரியான பணக்கொள்கை முடிவுகளையும் வெளிநாட்டு மத்திய வங்கிகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் தொடக் கூடாது என்று 1978-லிருந்து சட்டம் தடுத்தது. அந்தத் தடையை எடு என்பதுதான் ரான் பால் கேட்டது. பல வருடம் யாரும் சீண்டவில்லை. 2008-இல் வங்கிகள் கவிழ்ந்து, யாருக்கு எவ்வளவு கடன் போனது என்றே தெரியாமல் ஜனங்கள் கொதித்தபோது கதை மாறியது. 2009-இல் அவர் போட்ட எச்.ஆர். 1207 மசோதாவில் 435 பேர் சபையில் 300-க்கும் மேற்பட்டவர்கள் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு கட்சியிலிருந்தும்.

அது அப்படியே சட்டமாகவில்லை. அந்த வருடம் நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஆலன் கிரேசனோடு சேர்ந்து நிதிக் கமிட்டியில் அதைத் திருத்தமாகக் கொண்டுவந்து 43-26 என்று ஜெயித்தார். செனட்டில் பெர்னி சாண்டர்ஸ் வேறொரு வடிவம் கொண்டுவந்தார். கடைசியில் 2010-இன் டாட்-பிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில், நெருக்கடிக் காலக் கடன்களை ஒரே ஒரு முறை தணிக்கை செய்வது என்ற அளவில் இடம்பிடித்தது. அறிக்கை 2011 ஜூலையில் வெளிவந்தது. ஆக, அவர் பெயர் தாங்கிய மசோதா செத்தது, அவர் கேட்டதில் ஒரு துண்டு பிழைத்தது. எண்ணிக்கைப் பட்டியலில் இது பூஜ்யம் என்றுதான் பதிவாகும்! 2012 ஜூலையில் முழு மசோதாவும் சபையில் 327-98 என்று நிறைவேறியது, செனட் அதை எடுக்கவே இல்லை.

தணிக்கை வந்தால் வட்டி முடிவுகளில் அரசியல்வாதிகள் மூக்கை நுழைப்பார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

கேள்வி: கஞ்சா மசோதா போட்டது இவர்தானே?

இரண்டைக் குழப்பிக்கொள்கிறீர்கள். 2005-இல் இவர் போட்டது ஹெம்ப் மசோதா. நம் பத்திரிகைகள் அதைச் சணல் என்று எழுதிவிடுகின்றன, சணல் வேறு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடி இனம்தான், ஆனால் போதைச் சத்து மிகக் குறைந்த, நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் ரகம். அதை விவசாயிகள் வளர்க்க விடுங்கள் என்று நாலு காங்கிரசில் தொடர்ந்து போட்டார், ஒன்றும் நகரவில்லை. 2014 பண்ணைச் சட்டத்தில் சோதனை முறையில் அனுமதி வந்தது, 2018 பண்ணைச் சட்டம் முழுதாகத் திறந்துவிட்டது. அப்போது அவர் வீட்டில் இருந்தார்.

மத்திய அரசின் கஞ்சாத் தடையையே நீக்கச் சொன்ன 2011 மசோதாவுக்குச் சொந்தக்காரர் பார்னி பிராங்க். ரான் பால் அதில் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் மட்டும்தான். சொந்தமாகப் போட்டது எது, ஆதரித்தது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எந்த உறுப்பினரையும் எடை போட முடியாது.

கேள்வி: பின்லேடனைப் பிடிக்கக் கடற்கொள்ளைக்காரர்களை அனுப்பச் சொன்னாராமே, உண்மையா?

கிட்டத்தட்ட! அந்தக் காலத்தில் தனியார் கப்பல்காரனுக்கு 'எதிரிக் கப்பலைப் பிடித்துக்கொள்' என்று அரசாங்கம் சீட்டு எழுதிக் கொடுக்கும். அந்த அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்று அமெரிக்க அரசியல் சாசனத்தில் இன்னும் இருக்கிறது. 2001 அக்டோபரில், செப்டம்பர் 11 தாக்குதல் நடத்தியவர்கள்மேல் அதே சீட்டைக் கொடுக்கலாம் என்று மசோதா போட்டார். ஒரு நாட்டின்மேல் படையெடுக்காமல் ஆளை மட்டும் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. இத்தனைக்கும் செப்டம்பர் 14-ஆம் தேதி ராணுவத்தைப் பயன்படுத்த அனுமதித்த தீர்மானத்துக்கும் அவர் 'ஆம்' என்றுதான் ஓட்டுப் போட்டிருந்தார்.

கேள்வி: சுதந்திரம் சுதந்திரம் என்கிறவர் கருக்கலைப்புக்கு எதிராக ஏன் மசோதா போட்டார்?

கருத்தரித்த நொடியிலிருந்தே மனித உயிர் என்று வரையறுத்து, இந்த வழக்குகளை மத்திய நீதிமன்றங்களிடமிருந்து பிடுங்கி மாநிலங்களிடம் விடச் சொன்ன மசோதா அது. நான் பிரசவ டாக்டர், உயிரைக் காக்காமல் சுதந்திரத்தைக் காக்க முடியாது என்பது அவர் பதில். அரசாங்கம் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறவர் இங்கே மட்டும் வாசலைத் திறந்துவைப்பது எனக்கு முரணாகத்தான் தெரிகிறது.

கேள்வி: தொகுதிக்கு நிதி கேட்டுவிட்டு எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்கிறார்களே?

உண்மை. தொகுதி வேலைகளுக்குப் பணம் கேட்டு எழுதிக் கொடுப்பார், அந்தப் பணம் இருக்கும் மொத்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவார், அது எப்படியும் நிறைவேறும் என்று தெரிந்தே. எங்கள் வரிப்பணம்தானே திரும்பி வருகிறது என்று சமாதானம் சொல்வார். பந்தியில் உட்கார்ந்துகொண்டே சமையலைத் திட்டுகிற மாமா எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் இருப்பார் அல்லவா?

கேள்வி: அவர் செய்ததில் இன்றும் நிற்பது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் மசோதாப் பட்டியலில் இல்லை. 1996-இல் வந்த ஒரு சட்டம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தேசிய மருத்துவ எண் கொடுக்கச் சொன்னது. 1998-இல் இவர் செலவு மசோதாவில் ஒரு திருத்தம் போட்டு, அதற்கு மத்திய அரசு காசு செலவழிக்கக் கூடாது என்று கட்டிப்போட்டார். அந்த வரி வருடாவருடம் செலவு மசோதாவில் தொடர்ந்து வந்தது. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால் கோப்பு மாறிப்போகிறது என்று மருத்துவமனைகள் இன்றும் புலம்புவதற்கு அந்த ஒரு வரியும் காரணம்.

இன்னொன்று, ஓட்டல் பரிமாறுகிறவர்களின் டிப்ஸுக்கு வரி வேண்டாம் என்று 2007-இல் போட்டார். அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2025-இல் வந்த சட்டத்தில் டிப்ஸில் 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு இருக்கிறது, 2028 வரைக்கும்.

கேள்வி: இப்போது அந்த மசோதாக்களை யாராவது போடுகிறார்களா?

மகன் ராண்ட் பால் செனட்டில் தணிக்கை மசோதாவைக் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் அதை விவாதத்துக்கு எடுக்க நடந்த ஓட்டெடுப்பில் 53-44, தேவைப்பட்டது 60. பிரதிநிதிகள் சபையில் கென்டக்கியின் தாமஸ் மாஸி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பெடரல் ரிசர்வை மூடச் சொல்லும் மசோதாவையும் 2024-இல் அவரே போட்டார். கமிட்டிக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது.