டிசியில் ஏசி மோட்டார் ஓட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பாலிடெக்னிக் ப்ராஜெக்ட். சிடி4047 ஐசி (அலை உண்டாக்கும் சிப்) வைத்து இன்வெர்ட்டர் கட்டி, 12 வோல்ட் கார் பேட்டரியில் அரை எச்பி தண்ணீர் மோட்டாரை ஓட்ட முடியுமா?

பதில்: கட்டலாம் தம்பி, ஆனால் அதில் பல்பை எரிய வை, மோட்டாரை மாட்டாதே. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு 39 கே ரெசிஸ்டரும் தொடராக ஒரு 10 கே பிரீசெட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டால் 50 ஹெர்ட்ஸுக்குத் திருகிக்கொள்ளலாம். அதுவரை சுலபம். கணக்கு உதைப்பது கரன்ட்டில்தான். அரை எச்பி என்பது 373 வாட். மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர் இழப்பையெல்லாம் சேர்த்தால் பேட்டரியில் இருந்து ஓடும்போதே 60 ஆம்பியர் போல இழுக்கும். கிளம்பும் நேரத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. இந்தக் கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட்டுகள் வரிசையாகக் கருகிப் போகும்.

கேள்வி: பழைய இன்வெர்ட்டரில் சீலிங் ஃபேன் உறுமுகிறது, மிக்ஸி மட்டும் நன்றாக ஓடுகிறது. ஏன் சார்?

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். 50 ஹெர்ட்ஸோடு 150, 250 என்று வேண்டாத அதிர்வெண்களும் கலந்து வரும். அவை ஃபேனைச் சுற்ற வைக்காது. உறுமலும் சூடும்தான் மிச்சம். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். அது டிசியிலேயே ஓடக்கூடிய ஜாதி, அலை வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாது.

கேள்வி: ஐயா, தோட்டத்தில் 5 எச்பி மூன்று பேஸ் போர்வெல் மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது. அதை மாற்றாமல் சோலாரில் ஓட்டலாமா? பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போட்டு, காலையில் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்கிறார்கள்.

பதில்: தாராளமாக ஓட்டலாம். பேட்டரியும் வேண்டாம். பேனல்களைத் தொடராகக் கோர்த்து சோலார் பம்ப் டிரைவுக்கு, அதாவது டிசியை மூன்று பேஸ் ஏசியாக்கி வேகத்தையும் மாற்றும் விஎஃப்டிக்குக் கொடுக்க வேண்டும். 415 வோல்ட் மோட்டாருக்கு சுமார் 587 வோல்ட் டிசி இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். 330 வாட் பேனல் ஒன்று வேலை செய்யும்போது சுமார் 37 வோல்ட் தரும். 16 பேனலுக்கு 592. லோடு இல்லாதபோது ஒவ்வொன்றும் 46 வரை ஏறும், மொத்தம் 736. டிரைவின் உச்ச வரம்பு 800 என்றால் இது அடங்கும். ‘இன்னும் நாலு சேர்த்துப் போடலாம்’ என்று தொடரை நீட்டினால் டிரைவ் போய்விடும். சித்திரை வெயிலில் பேனல் சூடாகி வோல்டேஜ் இறங்கும்; அப்போது வேகம் கொஞ்சம் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

டிரைவ் ஃப்ரீக்வென்சியை மட்டும் மாற்றுவதில்லை, வோல்டேஜையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் என்றால் 207 போதும். அங்கேயும் 415 கொடுத்தால் இரும்புக் கோர் காந்தத்தில் நிரம்பி, கரன்ட் எகிறி, வைண்டிங் புகையும். சில ஹெர்ட்ஸில் மெதுவாகக் கிளப்புவதால், நேரடி ஸ்டார்ட்டரில் வரும் ஆறேழு மடங்கு இழுப்பும் இதில் கிடையாது.

இப்போது பக்கத்துத் தோட்டத்துக்கு வருவோம். பம்ப் தரும் தண்ணீர் வேகத்துக்கு நேராகக் குறையும். தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும், சக்தி மூன்றாம் அடுக்கில். 40 ஹெர்ட்ஸில் பாதி சக்தியே போதும் என்பது லாபம். ஆனால் 50 ஹெர்ட்ஸில் 300 அடி தள்ளும் பம்ப் 30 ஹெர்ட்ஸில் 108 அடிதான் தள்ளும். காலை வெயிலுக்கு டிரைவ் 30இல்தான் சுற்றும். தண்ணீர் பாதிக் குழாயில் நிற்கும். அப்படியே சுற்றவிட்டால் குளிர்விக்க ஓட்டம் இல்லாமல் மோட்டார் சூடாகும். தண்ணீர் எந்த ஹெர்ட்ஸில் மேலே வருகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே போனால் நிற்கும்படி டிரைவில் செட் பண்ணச் சொல்லுங்கள். மாட்டிவிட்டுப் போகிற பல பேர் இதைச் செய்வதே இல்லை.

கேபிள் நூறு மீட்டரைத் தாண்டினால் டிரைவின் அவுட்புட்டில் சோக் (காயில்) போடுங்கள். டிரைவ் அனுப்பும் மின் துடிப்பு கேபிள் முனையில் மோதித் திரும்பும்போது வைண்டிங் மீது இரண்டு மடங்கு வோல்டேஜ் வரை விழும்.

கேள்வி: என்னுடையது கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார். அதற்கும் விஎஃப்டி போடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வைத்த வகையில், வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மறுபடி ஒட்டி, ஸ்டார்ட் வைண்டிங் கருகும். மூன்று பேஸ் மோட்டார் வாங்குவதே மலிவு.

கேள்வி: ஆறு ஐஜிபிடி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்து நானே மூன்று பேஸ் இன்வெர்ட்டர் கட்டினேன். சுவிட்ச் போட்டதும் வெடிக்கிறது. புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: முதலில் டெட் டைம் பாருங்கள். மேல் ஐஜிபிடி அணைந்து, கீழ் ஐஜிபிடி திறப்பதற்குள் இரண்டு மைக்ரோசெகண்டாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத் திறந்து டிசி நேராக ஷார்ட் ஆகும். கன்ட்ரோலர் உயிர்பெறும் அந்த முதல் கணத்தில், ஐஜிபிடியை ஆன்-ஆஃப் செய்யும் கேட் பின்கள் மிதக்காமல் இருக்க, ஒவ்வொன்றையும் 10 கே வைத்துக் கீழே இழுத்துக் கட்டுங்கள். மேல் ஐஜிபிடியின் கேட்டுக்கு ஒரு கெப்பாசிட்டரில் இருந்து மின்சாரம் எடுக்கும் பூட்ஸ்ட்ராப் டிரைவர் என்றால் கீழ் ஐஜிபிடியை முதலில் திறந்து அந்தக் கெப்பாசிட்டரைச் சார்ஜ் பண்ண வேண்டும்.

இவை சரியாகும் வரை டிசி லைனில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸ் லேம்ப்பாகப் போட்டுச் சோதியுங்கள். தப்பு நடந்தால் பல்பு எரியும், ஐஜிபிடி பிழைக்கும். 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். அணைத்த பிறகும் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் அலை சுத்தமாகாதா?

பதில்: வெறும் கெப்பாசிட்டரை மட்டும் போட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஷார்ட் போல இழுத்து ஐஜிபிடியை முடித்துவிடும். காயிலோடு சேர்ந்த சைன் ஃபில்டராக இருந்தால் சரி. பெரும்பாலான மோட்டார்களுக்கு அதுவும் தேவைப்படாது. வைண்டிங்கே ஒரு காயில்தானே, கரன்ட்டை அது ஏறக்குறைய சைனாக்கிவிடும்.