ஜவ்வரிசியை நிறுத்திவிட்டீர்கள், பாக்கைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களே

கேள்வி: வணக்கம் டாக்டர். சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், வயது 44. ஏற்காட்டில் இருந்த என் பெரியப்பா போன வருடம் வயிற்றுப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அதிலிருந்து எதைச் சமைத்தாலும் பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து ஜவ்வரிசி, வெல்லம், மைக்ரோவேவ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் கூட வாங்கித் தருவதில்லை. காபியும் கூடாது என்கிறார்கள். காலேஜ் படிக்கும் மகன் சாசேஜ், நக்கெட்ஸ் என்று வாங்கி வந்து ஃப்ரீசரில் அடுக்குகிறான். மாமியார் வெற்றிலை பாக்கு மட்டும் போடுவார், புகையிலை கிடையாது. கணவர் சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் குடிப்பார். அவருக்கு 52 வயது, மூலம் இருக்கிறது, ஆறு மாதமாக அவ்வப்போது ரத்தம் போகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார். எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: சாப்பாட்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன் அம்மா, முதலில் உங்கள் கணவரைப் பற்றிப் பேசிவிடலாம். 52 வயது ஆண், ஆறு மாதமாக மலத்தில் ரத்தம், அதை "மூலம்" என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டீர்கள். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இதே மாதிரி வலி இல்லாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய்த்தான் ஆரம்பிக்கும், மூலம் இருக்கிறவருக்கு அது வராது என்றும் இல்லை. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் போதும், விரல் விட்டுப் பார்ப்பார்கள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்வார்கள். கூச்சப்படுவார், "அதெல்லாம் வேண்டாம், கருணைக்கிழங்கு சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்பார். விடாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள்.

சரி, இனி சமையலறைக்கு வருவோம்.

நீங்கள் நிறுத்தியதாகச் சொல்லும் பொருட்களையும், போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன பொருட்களையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். நிறுத்தியவற்றில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. "மட்டும்", "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

"வெற்றிலை பாக்கு மட்டும், புகையிலை கிடையாது." இதை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். புகையிலை சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும், உண்மைதான். ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பிரான்சின் லியோன் நகரில் இருப்பது, 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கை முதல் பிரிவில் வைத்தது. முதல் பிரிவு என்றால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது என்று பொருள். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். தினம் பல தடவை பாக்கு மெல்லும்போது கன்னத்தின் உட்பக்கம் மெல்ல மெல்ல இறுகி வெளுத்துப் போகும், காரம் பட்டால் எரியும், அப்புறம் வாய் திறக்கிற அளவே குறைந்துவிடும். மாமியாரிடம் அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தலாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலும், வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், ஏதாவது ஒரு புண் இரண்டு, மூன்று வாரமாக ஆறாமல் இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பல வருடப் பழக்கம், ஒரே நாளில் விட மாட்டார் என்று எனக்கும் தெரியும். வெற்றிலையை வைத்துக்கொண்டு பாக்கைக் குறைத்து, பிறகு நிறுத்தி, அந்த இடத்தில் சோம்போ ஏலக்காயோ வைத்துப் பார்க்கலாம், பலர் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். இரவில் பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு தூங்குகிற வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

கணவரின் "கொஞ்சம்". மதுவை 1988-லேயே அதே முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம், இத்தனை இடத்தில் புற்றுநோயைக் கூட்டும் பொருள் அது. உடம்புக்குள் போன சாராயம் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது, அது செல்லின் மரபணுவைச் சேதப்படுத்தும். விலை உயர்ந்த பாட்டிலா டாஸ்மாக் குவார்ட்டரா, ஒயினா பீரா என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. "இந்த அளவு வரை பாதுகாப்பு" என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. ஐந்து நாள் தொடாமல் இருந்துவிட்டு இரண்டு நாளில் மொத்தமாகக் குடிப்பதையும் "வாரக்கடைசி மட்டும்" என்றுதான் சொல்வார்கள், எத்தனை குவார்ட்டர் என்று கேட்டுப் பாருங்கள். கூடவே சிகரெட் உண்டென்றால் இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று பெருக்கிவிடும்.

மகனுடைய சாசேஜுக்கு வருவோம். 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் லியோனில் கூடி, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவிலும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை அதற்கு அடுத்த 2ஏ பிரிவிலும் (அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பிரிவு) வைத்தார்கள். உடனே "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது, உங்களுக்கு வந்த வாட்ஸ்அப்பும் அந்த வம்சம்தான். இரண்டும் ஒரே பிரிவில் இருப்பதற்குக் காரணம் சான்று உறுதியாக இருப்பது, ஆபத்தின் அளவு வேறு. அப்போது அவர்களே எடுத்துக்காட்டிய கணக்கு: உலகில் ஆண்டுக்குப் புகைப்பதால் சுமார் 10 லட்சம் புற்றுநோய் மரணம், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000. தினமும் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய சாசேஜ், சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அந்த அறிக்கையில் உள்ளதுதான். 18 என்றதும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று படித்துவிடாதீர்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் வருகிற இடத்தில் அது ஆறாகும், அவ்வளவுதான். நம் ஊரில் அந்த ஐந்து பேர்கூட இல்லை, அதைவிடக் குறைவு.

அதற்காகத் தினம் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. சாசேஜ், சலாமி, பேக்கனைக் கெடாமல் வைக்கவும் அந்த ரோஸ் நிறம் வரவும் நைட்ரைட் சேர்ப்பார்கள், அது குடலில் வேறு சேர்மங்களாக மாறிச் சேதம் செய்கிறது. பாக்கெட்டைத் திருப்பி சோடியம் நைட்ரைட் அல்லது ஐஎன்எஸ் 250 என்று போட்டிருக்கிறதா என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை நண்பர்களோடு சாப்பிட்டால் நான் கவலைப்பட மாட்டேன். காலை டிபனே அதுதான் என்றால் அதே காசுக்கு முட்டையும் கோழியும் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பைப் பற்றிக் கேட்பீர்கள். வாரத்துக்கு ஓர் ஆளுக்குச் சமைத்த கறி அரைக் கிலோவுக்குள் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான அறிவுரை, நம் வீடுகளில் அந்த அளவை எட்டுவதே அபூர்வம். கருகின பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் பெரியப்பாவுக்கு வந்த நோய். வயிற்றுப் புற்றுநோய் தமிழ்நாட்டில் புதிதில்லை, சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் பல ஆண்டுகளாக அது முன்வரிசையில் இருந்திருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அதோடு புகை, அதோடு உப்பு. உப்பு வயிற்றின் உள்படலத்தை அரித்து, அந்தக் கிருமி வேலை செய்ய வசதி பண்ணிக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், மட்டமாக ஒரு டீஸ்பூன் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. குழம்பில் போடுவதை மட்டும் உப்பு என்று நினைக்கிறோம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், வடகம், தயிர்ச்சோற்றின் மேல் மறுபடி ஒரு சிட்டிகை, மாங்காய்த் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும், டீக்கடை மிக்சர் என்று எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலான வீடுகளில் அது இரண்டு டீஸ்பூனைத் தொட்டுவிடும். கருவாட்டைப் பற்றி ஒன்று: சீன முறையில் உப்பிட்ட மீன் முதல் பிரிவில் இருக்கிறது, மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்காக. நம் கருவாடு அதே செய்முறை இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கி இங்கே வைக்க வேண்டாம். ஆனால் உப்பு உப்புதான். இரண்டு தடவை வெந்நீரில் அலசி, மாதம் ஒன்றிரண்டு தடவை வைத்தால் போதும். பெரியப்பா ஒருவருக்கு வந்ததாலேயே உங்களுக்குப் பரம்பரையாக வரும் என்று பயப்படத் தேவையில்லை. குடும்பத்தில் இன்னும் யாருக்காவது, அதுவும் சிறு வயதில் வந்திருந்தால் அது வேறு பேச்சு.

காபி. காபியைப் புற்றுநோய்ப் பட்டியலில் சந்தேக நிலையில் 1991-இல் வைத்தார்கள், 2016-இல் சான்று போதாது என்று இறக்கிவிட்டார்கள். சொல்லப் போனால் கல்லீரல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் காபி குடிப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே தெரிகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி வைத்ததில் அந்த வகையில் குற்றம் ஒன்றும் இல்லை. அதே 2016-இல் வேறொன்றை 2ஏ பிரிவில் சேர்த்தார்கள்: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்குக் கேடு, காபியோ டீயோ வெந்நீரோ. டபராவில் ஊற்றி நாலு ஆற்று ஆற்றிக் குடிக்கிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஏற்காட்டுக் குளிரில் கொதிக்கக் கொதிக்க வாங்கி அப்படியே இறக்குகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஜவ்வரிசி. சேலத்துக்காரர் ஜவ்வரிசிக்குப் பயப்படுவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு மாவு அது, சத்து அதிகம் கிடையாது, புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளுப்பாகத் தெரிய ரசாயனம் போடுகிற ஆலைகள் மீது உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுப்பது உண்மை, அதனால் பளீரென்று கண்ணைப் பறிக்கும் வெள்ளையை வாங்காதீர்கள், கொஞ்சம் மங்கலாக இருப்பதே நல்லது. வெல்லமும் அப்படியே. மஞ்சளாகப் பளபளப்பது ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டதாக இருக்கலாம், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது தொந்தரவு தரும், கறுப்பாக இருப்பதை வாங்குங்கள். கலப்படம் குற்றம், புகார் கொடுக்க வேண்டும், அதையும் புற்றுநோயையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டாம். மைக்ரோவேவ் உணவைச் சூடாக்கும், வேறொன்றும் செய்யாது. கண்ணாடி, பீங்கான் பாத்திரத்தில் வைத்துச் சூடு பண்ணுங்கள்.

எனக்கு ஜவ்வரிசியைவிட நிலக்கடலைமேல்தான் கண். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, கல்லீரல் புற்றுநோய்க்கு அதுவும் முதல் பிரிவு, மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவருக்கு ஆபத்து மிக அதிகம். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. கறுத்தது, சுருங்கியது, வாயில் போட்டால் கசப்பது எதையும் விழுங்காமல் துப்பிவிடுங்கள். செக்கில் எண்ணெய் ஆட்டக் கொடுப்பவராக இருந்தால் சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுங்கள், "எண்ணெய்க்குத்தானே" என்று அதையும் சேர்த்து அரைக்கக் கூடாது. சுத்திகரித்த எண்ணெயில் அந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும், செக்கெண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு நடப்பதில்லை.

தட்டுவடை செட்டைப் பிள்ளைகளுக்குத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். பொரித்த தட்டுவடை இரண்டு, நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. சாயங்காலத் தீனியில் இவ்வளவு பச்சைக் காய்கறி வேறு எதில் இருக்கிறது? கடையில் கை சுத்தமும் தண்ணீர் சுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியில் கவனிக்க வேண்டியது எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது, நீங்கள் மீட்டர் வைத்து அளக்க முடியாது, கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி நிற்கிற சட்டியைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். உண்மையில் எப்போதோ தின்கிற நம்மைவிட, நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கிற மாஸ்டருக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டில் பொரித்த எண்ணெயைத் தாளிக்க ஒரு தடவை எடுத்துத் தீர்த்துவிடுங்கள், மறுபடி வடைச்சட்டியில் ஊற்ற வேண்டாம்.

நிறுத்தச் சொல்லியே எழுதிவிட்டேன். சேர்க்க வேண்டியதும் இருக்கிறது. நார்ச்சத்து பெருங்குடலைக் காக்கிறது, அதற்கு உங்கள் ஊரிலேயே ராகிக் களி இருக்கிறது, கீரையும் அவரையும் உழவர் சந்தையில் காலையில் கிடைக்கும். காயும் பழமும் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளைக்கு 400 கிராம். கிழங்கு இந்தக் கணக்கில் வராது. இன்னொன்று, இடுப்பளவு. உடல் பருமன் 13 வகைப் புற்றுநோயோடு சேர்ந்தது என்று 2016-இல் உறுதி செய்திருக்கிறார்கள், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை, பெருங்குடல், பித்தப்பை எல்லாம் அதில் உண்டு. நம்மவர்களில் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. தையல் டேப் எடுத்து எல்லோருக்கும் அளந்து பாருங்கள். மூன்று வேளையும் அரிசி, நடுநடுவே இனிப்பு, நடை கிடையாது என்றால் ஜவ்வரிசியை நிறுத்தி என்ன பயன்?

கடைசியாக, வீட்டில் எல்லோரையும் எழுதினீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 44 வயது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். வலி இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும். கணவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றே இதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.